சீட்டுப் போட்டுச் சிகிச்சையா?

நான் முன்னர்ப் பங்குப் பணியாளனாக இருந்த ஊரொன்றிற்கு, பங்குத் திருவிழாவின் ஆறாம் நாள் மறையுரைக்காக அண்மையில் அழைக்கப்பட்டிருந்தேன். திருப்பலி முடிந்ததும், அவ்வூரில் பல்லாண்டுகளாகப் படுக்கையில் கிடக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் காணச் சென்றேன். 2012-ஆம் ஆண்டில் ஒரு மாலை வேளையில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. முப்பதாண்டுக்காலம் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவருக்கு இன்று எஞ்சியிருக்கும் சொற்கள் இரண்டோ மூன்றோதான். அவற்றுள் ஒன்று 'ஆமா' என்பது. வேண்டும் என்பதற்கும் அதையே சொல்கிறார். வேண்டாம் என்பதற்கும் அதையே சொல்கிறார். முகத்தைப் பார்த்துத்தான் நாம் பொருள் கொள்ள வேண்டும்.

நான் விடைபெற எழுந்தபோது அவருடைய மகன் என்னை வாசல்வரை வந்து நிறுத்தினார்.

"சாமி, அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. மனுஷனால முடிஞ்சதெல்லாம் செஞ்சாச்சு, இனி ஆண்டவர் சித்தம்னு. அது நிஜந்தானா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே கூறினார். அவருடைய அலுவலக நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு இதே நோய் வந்திருக்கிறது. பெருநகர் மருத்துவமனை ஒன்றில், தொடையிடுக்கின் இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை மூளைவரை செலுத்தி, அடைத்திருந்த இரத்தக் கட்டியைப் பிடித்திழுத்து வெளியே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் அந்த நண்பர் தம் ஸ்கூட்டரில் அலுவலகம் வந்துவிட்டார். அதைக் கண்ட பின் இவர் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியிருக்கிறார். படித்தவற்றுள் ஒன்று அவரை உறங்கவிடவில்லை. அவருடைய தந்தை விழுந்த அதே 2012-இல், நெதர்லாந்து நாட்டில், இதே நோய் கண்டவர்களை மருத்துவர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சாராருக்குக் கட்டியை எடுத்தார்கள், மறுசாராருக்கு எடுக்கவில்லை.

"எடுத்தா நல்லாகும்னு நம்புற டாக்டர், கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிச்சுன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னாரே, அது பாவமில்லையா சாமி?"

நான் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. பின்னர் சில வாரங்கள் தேடிப் படித்தும், மருத்துவம் பயின்ற நண்பர்களிடம் கேட்டும் நான் அறிந்தவற்றையும், அவற்றைக் கொண்டு என் மனச்சான்று எங்கு போய் நின்றது என்பதையும், வாசக அன்பர்களுக்கும் பயன்படலாம் எனக் கருதி இங்கு எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால் அதற்கப்பாலுள்ள பகுதி பட்டினியால் மடியத் தொடங்குகிறது. பெருங்குழாய் ஒன்று அடைபட்ட நிலையில் நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் மருந்து பயன் தருவது 1995-இல் நிறுவப்பட்டது. நோய் தொடங்கி 3 மணி நேரத்திற்குள் அதை ஊசி வழியாக ஏற்ற வேண்டும். 2008-இல் அந்த எல்லை நாலரை மணியாக நீண்டது. நம் தலைமையாசிரியரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது ஐந்தாம் மணி நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருங்குழாயில் சிக்கிய பெரிய கட்டி இந்த மருந்துக்குப் பல வேளைகளில் கரைவதில்லை. ஆகவேதான், கரையாததைக் கையால் எடுத்துவிடலாமே என்ற எண்ணம் பிறந்தது.

எண்ணம் நல்லதுதான். அடைத்த வாய்க்காலைத் தூர்வாரினால் நீர் பாயும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தக்கைத் திருகைப் போன்ற வடிவுடைய மெர்சி என்னும் கருவிக்கு 2004-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. எதைப் பார்த்துக் கொடுத்தது? அடைப்புத் திறந்ததா என்பதைப் பார்த்து. நோயாளி எழுந்து நடந்தாரா என்பதை, இந்தச் சிகிச்சை பெறாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்து அன்று. மருத்துவரோ தம் கண்ணெதிரே திரையில் குழாய் திறப்பதைக் காண்கிறார். கருமையாய் நின்றுபோன கிளைகளில் மீண்டும் இரத்தம் ஓடுவதைக் காண்கிறார். அதைக் கண்டவருக்கு நம்பிக்கை பிறவாதிருக்குமா? கண்ணால் கண்டது என்கிறோமே, அதைக் காட்டிலும் வலிய சான்று நமக்கு வேறில்லை.

ஆயினும் 2013-இன் தொடக்கத்தில் மூன்று ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. அவற்றுள் பெரியது 656 நோயாளிகளைக் கொண்டது. கருவிச் சிகிச்சையும் பெற்றவர்களில் 100-க்கு 40.8 பேரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 38.7 பேரும் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தனர். அதாவது, வேறுபாடு என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. மற்ற இரண்டும் அவ்வாறே உரைத்தன. கண்ணால் கண்டு நம்பிய மருத்துவர் பலருக்கு அது பேரிடி. இந்தச் சிகிச்சையின் கதை முடிந்தது என்று எண்ணியவர்களும் உண்டு.

நெதர்லாந்து மருத்துவர்கள் தங்கள் ஆய்வை நிறுத்தவில்லை. 2010 டிசம்பரிலிருந்து 2014 மார்ச்சு வரை, ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், மாஸ்ட்ரிக்ட் உள்ளிட்ட ஊர்களின் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளைச் சேர்த்தார்கள். முந்தைய ஆய்வுகளில் பெரும்பாலும் பழைய கருவிகளே கையாளப்பட்டன. பெருங்குழாயில் அடைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டிப் படமெடுத்துப் பாராமலும் பலரைச் சேர்த்திருந்தார்கள். இவர்களோ அடைப்பைப் படத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே சேர்த்தார்கள். கம்பிவலைக் குழல் போன்ற புதிய கருவிகளைப் பெரிதும் கையாண்டார்கள். 233 பேருக்குச் சீட்டு 'எடு' என்று விழுந்தது. 267 பேருக்கு 'எடுக்காதே' என்று விழுந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, முன்னவரில் 100-க்கு 32.6 பேர் பிறர் துணையின்றி வாழ்ந்தனர்; பின்னவரில் 19.1 பேர். இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. 2014 அக்டோபரில் இஸ்தான்புல் நகரில் கூடிய மாநாட்டில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. அதன்பின் உலகின் பிற பகுதிகளில் நடந்துகொண்டிருந்த இத்தகைய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன; 2015-இல் வெளியான அவற்றின் முடிவுகளும் இதையே உறுதி செய்தன.

இனி மகனுடைய குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர், ஐயமுற்ற மனச்சான்றைப் பற்றிய பாடத்தில், நூல்கள் வழிவழியாகக் கூறிவரும் வேட்டைக்காரனின் எடுத்துக்காட்டைச் சொல்வார். புதர் அசைகிறது. உள்ளே இருப்பது மானா மனிதனா என்று தெரியவில்லை. வேட்டைக்காரன் சுடலாமா? கூடாது. பிறர் உயிர் தொடர்புடைய இடத்தில் 'மானாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை போதாது. பாதுகாப்பான வழியையே தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவருக்கும் இதே விதி என்று பழைய நூல்கள் கூறின. இப்பாடத்தை நான் முதலில் மகனுடைய பக்கத்திற்குச் சான்றாகவே நினைத்தேன். ஆழ்ந்து எண்ணியபோதுதான் எடுத்துக்காட்டின் குறை தெரிந்தது. வேட்டைக்காரன் சுடாமல் வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தீங்கில்லை. பக்கவாத நோயாளியின் அருகில் நிற்கும் மருத்துவருக்கு அந்த வசதியில்லை. குழாயைச் செலுத்துவதும் ஒரு செயல். செலுத்தாதிருப்பதும் ஒரு செயல். இரண்டில் எது பாதுகாப்பான வழி என்பதே கேள்வியாயிருக்கும்போது, பாதுகாப்பான வழியைத் தெரிந்துகொள் என்று சொல்வதில் என்ன பொருள்?

குழாயைச் செலுத்துவதில் தீங்கே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். அந்த 233 பேரில் 13 பேருக்கு, மூன்று மாதங்களுக்குள், மூளையின் வேறொரு பகுதியில் புதிய அடைப்பு ஏற்பட்டது. மறுபக்கத்து 267 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. முடிவில் நன்மையின் தட்டுத் தாழ்ந்தது என்பது இன்று நமக்குத் தெரியும். தராசைத் தூக்கிப் பார்க்கும் முன் யாருக்கும் தெரியாது.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்னும் அறவியலாளர் 1987-இல் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விடத்தில் எனக்கு உதவியது. ஒரு தனி மருத்துவருக்கு இதுவே நல்லது என்ற சாய்வு இருக்கலாம். அதனாலேயே சீட்டுப் போடுவது அநீதியாகிவிடாது. அத்துறையில் தேர்ந்தோர் நடுவே நேர்மையான கருத்து வேறுபாடு நிலவுகிறதா என்பதே அளவுகோல் என்பது அவருடைய வாதம். இதை நம் மொழியில் சொன்னால், என் நம்பிக்கை எவ்வளவு உறுதியாயிருந்தாலும், என்னைப் போன்றே கற்றறிந்த இன்னொருவர் மறுபக்கம் நிற்கும்வரை அது நம்பிக்கைதான், அறிவன்று. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள்? அவர்களும் இருவரைத் தகுதியுள்ளவர் எனக் கண்ட பின்னரே சீட்டைக் கையில் எடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் இந்த வாதம் எல்லாவற்றுக்கும் போர்வையாகிவிடக் கூடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகி என்னுமிடத்தில், மேகப்புண் நோய் கண்ட ஏழைக் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 400 பேரை 1932 முதல் 1972 வரை சிகிச்சையின்றி விட்டு நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இடையிலேயே பென்சிலின் அந்நோயைக் குணப்படுத்தும் என்பது உலகறிந்த செய்தியாகிவிட்டது, ஆயினும் கொடுக்கவில்லை. அது கொடும்பாவம், அதற்கு வேறு பெயரில்லை. நெதர்லாந்தில் நடந்தது அதுவன்று. சீட்டு எப்பக்கம் விழுந்தவரும் அன்றைய நிலையில் நிறுவப்பட்ட சிகிச்சை முழுவதையும் பெற்றனர். 500 பேரில் 445 பேருக்கு ஆல்டிபிளேஸ் மருந்து ஏற்றப்பட்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று மகன் சொன்னது, துயரத்தில் சொன்ன சொல்லேயன்றி நடந்ததன் விவரமன்று. ஐயம் தீர்ந்த நாளில் சீட்டும் நின்றுவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆயினும் என் உள்ளம் முற்றிலும் அமைதியடைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு முட்கள் இன்னும் தைத்துக்கொண்டே இருக்கின்றன.

முதலாவது, கையெழுத்து. அந்த ஆய்வில் நோயாளியோ அவர் சார்பில் உறவினரோ முன்னதாகவே எழுத்து மூலம் இசைவு தந்தனர். நோய் தொடங்கி 6 மணி நேரத்திற்குள் குழாய்ச் சிகிச்சை தொடங்க வேண்டும். நோயாளிக்குப் பேச்சில்லை. மனைவியோ மகளோ நடுங்கும் கையோடு நிற்கிறார். படிவத்தை நீட்டி, கணினி தீர்மானிக்கும் என்று சொன்னால், அவர் எதைப் புரிந்துகொண்டு இசைகிறார்? மருத்துவமனை வராந்தாக்களில் பல இரவுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வேளையில் மக்கள் எதில் வேண்டுமானாலும் கையெழுத்திடுவார்கள். பின்னாளில் அதே நாட்டில் நடந்த சில பக்கவாத ஆய்வுகளில், முதலில் சிகிச்சை, இசைவு பின்னர் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் படித்தபோது அதிர்ந்தேன். பின்னர், அச்சத்தில் உறைந்தவரிடம் பறித்த கையெழுத்தைவிட, தெளிந்தபின் கேட்பது நேர்மையானதோ என்றும் தோன்றியது. ஆனால் கேட்பதற்குள் இறந்துவிட்டவரிடம் யார் போய்க் கேட்பது? 1947-இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்தபோது, மருந்து பெறாத சாராரிடம் அவர்கள் ஓர் ஆய்வில் இருக்கிறார்கள் என்பதையே சொல்லவில்லை. மருந்து அப்போது எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை. ஆகவே சீட்டுப் போட்டது நியாயந்தான் என்பர். அது சரி, மறைத்ததுமா சரி?

இரண்டாவது முள் இன்னும் கூரியது. 2013 முதல், இந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே குழாய்ச் சிகிச்சையின் செலவைக் காப்பீடு ஏற்கும் என்று நெதர்லாந்தில் முடிவாயிற்று. அதாவது சீட்டில் சேர்ந்தால் பாதி வாய்ப்பு. சேராவிட்டால் அதுவும் இல்லை. இதைச் சுதந்திர இசைவு என்று அழைக்க என் நா கூசுகிறது. மறுபுறம், அந்த முடிவு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? வசதியுள்ளவர் கேட்டுப் பெற்றிருப்பார். இல்லாதவர் பெறாது போயிருப்பார். யாருக்கு நன்மை விளைந்தது என்பதை யாருமே அறிந்திருக்க மாட்டார்கள். பணம் போடும் சீட்டைவிடக் கணினி போட்ட சீட்டு ஏழைக்கு நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது வற்புறுத்தல்தான் என்பதை மறைக்க மாட்டேன்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952 செப்டம்பரில், நரம்பு மண்டல ஆய்வாளர்களின் மாநாட்டுக்கு ஆற்றிய உரையில், மருத்துவ ஆய்வின் எல்லைகளைப் பற்றி விரிவாகப் பேசினார். உடலின் நலனுக்காக ஓர் உறுப்பை நீக்குவது போல, சமூகத்தின் நலனுக்காக ஒரு மனிதனைப் பயன்படுத்தலாகாது. மனிதன் சமூகத்தின் வெறும் உறுப்பன்று என்பது அவர் உரைத்ததன் சாரம். அந்த 267 பேரை நினைக்கும்போதெல்லாம் இவ்வுரை என் நினைவுக்கு வருகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவர்களுக்கும் கட்டி எடுக்கப்பட்டிருந்தால், அவர்களுள் ஏறத்தாழ 36 பேர் கூடுதலாகத் தம் காலில் நின்றிருப்பார்கள். அவர்கள் யார் எவர் என்று யாராலும் சுட்டிக்காட்ட இயலாது. அவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? இல்லை என்றே சொல்கிறேன். தமக்கு உரியது என்று எவரும் அன்று அறிந்திராத ஒன்றையே அவர்கள் பெறாது போனார்கள். அவர்களுக்கு இழப்பு நேர்ந்ததா? நேர்ந்தது. இழப்பு வேறு, அநீதி வேறு என்று எழுதுவது எனக்கு எளிது. அந்த 36 பேருள் ஒருவருக்கு உணவூட்டும் மகளிடம் போய் இதைச் சொல்லத் துணிவேனா என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலக நண்பர் மூன்றாம் மாதம் ஸ்கூட்டரில் ஏறியதில் அந்த 267 பேருக்கும் பங்குண்டு.

அடுத்த மாதம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். தலைமையாசிரியரின் கட்டிலருகே அமர்ந்து, மகனிடம் இவற்றையெல்லாம் என்னால் இயன்றவரை சொன்னேன். உங்கள் அப்பாவுக்குச் சீட்டும் போடப்படவில்லை, சிகிச்சையும் கிடைக்கவில்லை. அவரிடமிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ளவுமில்லை என்றேன். பின்னர், நான் 2012-இல் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றிப் பேசினேன். மனிதனால் முடிந்ததெல்லாம் செய்தாகிவிட்டது என்று அன்று சொன்னேனே, அது எனக்கு எப்படித் தெரியும்? மருத்துவர் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. மருந்துக்குரிய நேரம் கடந்துவிட்டது என்று மட்டுமே அவர் சொன்னார். குடும்பத்தார் அழுதுகொண்டிருந்தார்கள், ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டும், என் வாயில் வந்ததைச் சொன்னேன். அதன்மேல் ஆண்டவருடைய பெயரையும் வைத்து முத்திரையிட்டேன். திரையில் குழாய் திறப்பதைக் கண்ட மருத்துவருக்காவது கண்ணால் கண்ட ஒன்று இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

"அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கிறேன் தம்பி" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஃபாரத்தை அன்னிக்கு என்கிட்ட நீட்டியிருந்தா, கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பீங்களா சாமி?" என்று கேட்டார்.

"சொல்லியிருப்பேன்."

"எடுக்காதேன்னு விழுந்திருந்தா?"

நான் வாய் திறக்கும் முன் கட்டிலிலிருந்து, "ஆமா" என்றார் தலைமையாசிரியர். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. தண்ணீர் கேட்டிருக்கலாம். மகன் எழுந்து போய்ச் செம்பை எடுத்து வந்தார்.